ஓடினால்தான் வண்டி

நிறுத்தி வைத்த கார், ஓடுகிற காரைவிட வேகமாகக் கெடும். பழைய கார் வைத்திருப்பவர்கள் முதலில் படிக்கிற பாடம் இது. பெரும்பாலானவர்கள் செலவு செய்துதான் படிக்கிறார்கள். நல்ல நிழலில் நிறுத்தி, மேலே உறை போட்டு, ஆறு மாதம் தொடாமல் விட்டால் போதும். முதலில் பேட்டரி படுத்துவிடும். டேங்கில் கிடக்கும் பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிப் போக, மிச்சம் பிசின் மாதிரி ஆகி கார்புரேட்டர் ஜெட்டை அடைத்துக்கொள்ளும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸையும் கார்க் பேக்கிங்கையும் அரிக்கும். ஆயில் சீல்கள் காய்ந்து வெடிக்கும். பிரேக் சிலிண்டருக்குள் துரு ஏறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். டயர் தரையில் அழுந்திய இடம் தட்டையாகிவிடும். எலி வந்து ஒயரைக் கடிக்கும். இத்தனையும், யாரும் எதுவும் செய்யாததால் நடப்பவை.

அதற்காக ஓடுகிற வண்டி கெடாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிஸ்டன் ரிங் தேயும், பேரிங் தேயும், பிரேக் லைனிங் தேயும், ரோட்டில் எவனாவது மட்கார்டில் கோடு போட்டுவிட்டுப் போவான். ஓடினால் தேயும்; நின்றால் உளுக்கும். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழி இரும்புக்கும் ரப்பருக்கும் கிடையாது. பழைய கார் கிளப் என்று ஒன்று கூடுகிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, இந்த இரண்டில் தேய்மானத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள்.

சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகள் காட்சி வைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்கலாம். தூரத்திலிருந்து பார்த்தால் பணக்காரர்களின் அலங்கார அணிவகுப்பு. பளபளக்கும் குரோமியம், வெள்ளைப் பட்டை டயர், தொப்பி போட்ட தாத்தா, படமெடுக்க மொய்க்கும் கல்லூரிப் பிள்ளைகள். கொஞ்சம் கிட்டே போய்க் காதைக் கொடுத்தால் பேச்சே வேறு. விலையைப் பற்றிக் கேட்பவர் வெளியாள். உள்ளாட்கள் வைப்பர் ரப்பரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ரேடியேட்டருக்கு புது கோர் போட்டுக் கொடுப்பவர் இன்னும் கடை வைத்திருக்கிறாரா, பிரேக் ஷூவுக்கு லைனிங் ஒட்டுகிறவர் எங்கே மாறிப்போனார், எந்த வேனின் பேரிங்கை லேத்தில் கொடுத்துக் கடைந்தால் இதற்குப் பொருந்தும்: இதுதான் அவர்களுடைய உலகம்.

அங்கே நிற்கும் வண்டிகளில் என்னை எப்போதும் நிறுத்திவிடுவது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ரோல்ஸ் ராய்ஸுக்கும் பியூக்கிற்கும் கூட்டம் கூடும்போது, இந்தச் சின்ன வண்டியைச் சுற்றி நாலு பேர்தான் இருப்பார்கள். ஆனால் இது நம் ஊர் வண்டி. பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 1961 முதல் செய்தார்கள். இதன் பானெட் மற்ற கார்களைப் போலத் திறப்பதில்லை. இரண்டு பக்க மட்கார்டு, முகப்பு விளக்கு எல்லாம் சேர்ந்த முன்பாதி மொத்தமும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். திறந்துவிட்டால் இன்ஜின், ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். எதையும் ஒளித்து வைக்காத வண்டி. ஒரு பையன் வந்து, “இது எங்கே இருக்கு, அது எங்கே இருக்கு” என்று கேட்டால் விரலால் தொட்டுக் காட்டலாம். இது டிஸ்ட்ரிபியூட்டர், இது காயில், இதுதான் பெட்ரோல் பம்ப்.

இன்றைய கார்களில் பானெட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடிதான் தெரியும். அவை நல்ல கார்கள். பாதுகாப்பானவை, குறைவாகக் குடிப்பவை, காலையில் ஒரே தட்டில் கிளம்புபவை. அதில் சந்தேகமே வேண்டாம். குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் 1955 மாடல் வண்டியை எந்த கிளப்காரரும் எடுக்கமாட்டார். பழைய வண்டி கொடுப்பது வேறொன்று. அதன் கோளாறுக்கு ஒரு இடம் உண்டு. பெட்ரோல் வருகிறதா, நெருப்பு வருகிறதா, காற்று போகிறதா? மூன்று கேள்விகள். நகரத்து வெயிலில் பழைய ஃபியட்டோ பத்மினியோ சிக்னலில் நின்று போனால், பெட்ரோல் பம்பின் சூட்டில் எரிபொருள் குழாயிலேயே ஆவியாகிவிட்டது என்று அர்த்தம். பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி, கொஞ்ச நேரம் பொறுத்து, மறுபடி அடித்தால் வண்டி எடுக்கும். டாஷ்போர்டில் எப்போதும் ஒரு பழைய துண்டும் தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்த தலைமுறைக்கு இது தெரியும். இயந்திரத்துக்கு ஈரத்துணி வைத்தியம்! ஆனாலும் அது மூடநம்பிக்கை இல்லை, சுத்தமான பௌதிகம். வண்டிக்காரர் தன் வண்டியின் குற்றத்தைத் தெரிந்து வைத்திருக்கிறார், அதற்குத் தன் கையால் பதில் சொல்கிறார். கிளப் ஆட்கள் விரும்புவது பழமையை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. தான் பொறுப்பேற்கக்கூடிய ஒரு பொருள் கையில் இருப்பதை விரும்புகிறார்கள்.

அந்தப் பொறுப்பைத் தனியாளாகத் தூக்க முடியாது. கிளப் பிறப்பதே அங்கேதான். மாளிகையில் இருந்தாலும் சரி, அடுக்குமாடியில் இருந்தாலும் சரி, பழைய வண்டி வைத்திருப்பவர் ஒரு நாள் புதுப்பேட்டைக்குப் போயே ஆகவேண்டும். நகரத்தின் ஆயுள் முடிந்த வண்டிகளெல்லாம் உடைபடும் இடம் அது. ஒரு தெரு முழுக்க கதவுகள், இன்னொரு தெரு முழுக்க கியர் பாக்ஸ்கள். ஒரு ஹெரால்டு அங்கே உடைந்ததால்தான் இன்னொரு ஹெரால்டு ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் ஓடுகிறது. நாம் கைதட்டும் வண்டிக்குள் நாலு வண்டிகளின் உறுப்புகள் இருக்கும்; லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்த புஷ்கள் இருக்கும்; அந்தப் பட்டறைக்காரர் வேறெந்தக் காரையும் தொட்டிருக்கமாட்டார், பம்ப் செட் வேலைதான் அவருக்குச் சோறு. உரிமைப் புத்தகத்தில் ஒரு பெயர்தான் இருக்கிறது. வண்டியைக் காப்பாற்றியவர்களின் பட்டியல் எழுதினால் ஒரு நோட்டு வேண்டும்.

அந்தப் பட்டியலில் முதலில் வரவேண்டியவர்கள் மெக்கானிக்குகள். பழைய வண்டிக்காரர்கள் சுற்றிச் சுற்றி வரும் பட்டறைகள் எல்லா ஊரிலும் இரண்டு மூன்றுதான் இருக்கும். வேப்பமரம், எண்ணெய் குடித்துக் கறுத்த மண், மூடியில்லாத டப்பாவில் நட்டு போல்ட்டு. அப்படி ஒரு பட்டறைக்கு ஒரு நாள் ஒரு மொரிஸ் மைனரைக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள். வயதான மெக்கானிக் நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை இன்ஜின் பிளாக்கில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்தி, உதவியாளிடம் இன்ஜினைச் சுற்றச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். டாக்டர்கள் ஸ்டெதஸ்கோப்பை மறந்தாலும் இவர்கள் இதை மறக்கமாட்டார்கள்.

“சார், வண்டிய எடுக்கவே இல்லையா?”

“வெளியூர் போயிட்டேன் பாய். மூணு நாலு மாசம் ஆயிடுச்சு. கவர் போட்டு பத்திரமாத்தான் வச்சிருந்தேன்.”

“அதான் கெட்டுச்சு. பத்திரமா வச்சா போயிடும் சார். வாரம் ஒரு வாட்டி பையனையாவது எடுக்கச் சொல்லுங்க. ஓடினாத்தான் வண்டி.”

வண்டிக்காரர் தலையை ஆட்டினார். பையனிடம் சாவியைக் கொடுப்பதா என்ற கவலை அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பிறகு அந்தக் கவலைக்கு வருகிறேன்.

இந்த நகரத்துக்குக் கார் வந்த கதை நூற்றிருபது ஆண்டுப் பழையது. 1901இல் பாரி நிறுவனத்தின் இயக்குநர் ஒருவர் அடையாற்றிலிருந்து பாரிமுனைக்குக் காரில் வந்துபோனதாக நகர வரலாறு சொல்கிறது. இந்தியர்களில் இங்கே முதலில் கார் வாங்கியவர் கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார். பிரெஞ்சுக்காரர்களின் டி டியான் பூட்டோன் வண்டி. 1903இல் சிம்ப்சன் நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் இங்கேயே ஒரு நீராவிக் காரைக் கட்டினார். மவுன்ட் ரோடு அடிசன் நிறுவனம் மொரிஸ் வண்டிகளைச் சேர்த்துக் கட்டியது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி இறக்கியது. பின்னால் லேலண்டோடு சேர்ந்து லாரிப் பக்கம் போய்விட்டதால், அது கார் கட்டிய நிறுவனம் என்பதே பலருக்கு நினைவில்லை. தெருவெங்கும் ஓடிய ஹெரால்டு ஒரு நாள் காணாமல் போனது. உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றது. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்ஸிகளில் கடைசி பத்மினி 2023 அக்டோபரில் வயது வரம்பைத் தொட்டு ஓய்ந்தது. எங்கும் கிடைப்பது என்று நாம் அலட்சியமாக இருந்தவைதான் முதலில் மறைகின்றன. ராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸைக் காப்பாற்ற ஆள் உண்டு. வாடகைக்கு ஓடிய வண்டிக்கு யார் இருக்கிறார்கள்?

அரசாங்கத்துக்கும் இந்தக் கவலை வந்திருக்கிறது. 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கென்று தனிப் பதிவு முறை கொண்டுவந்தார்கள். எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பழைய வண்டிகளையெல்லாம் உடைக்க அனுப்பும் காலத்தில் இவற்றைத் தனியாக மதித்தது பெரிய காரியம். ஆனால் கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு: இந்தப் பதிவு பெற்ற வண்டியை வழக்கமான போக்குவரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. கண்காட்சி, ஆய்வு, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். மாசு, நெரிசல், விபத்து என்று பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. எனக்கு உறுத்துவது வேறு. நாம் ஒன்றைக் கௌரவிப்பது என்று முடிவு செய்தவுடன், முதல் வேலையாக அதை நிற்க வைக்கிறோம். பாராட்டுவதற்கும் பயன்படுத்தாமல் விடுவதற்கும் நடுவே நமக்கு வேறு வழி தோன்றுவதில்லை.

வேறு வழி தோன்றிய ஊரும் உண்டு. இங்கிலாந்தில் தானாக ஓடும் வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து போகவேண்டும் என்ற சட்டம் 1896இல் நீங்கியது. அந்த மகிழ்ச்சியில் நவம்பர் 14ஆம் தேதி லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்குக் கார்கள் கூட்டமாகக் கிளம்பின. இன்றும் ஆண்டுதோறும் நவம்பரில், 1905க்கு முந்தைய வண்டிகள் ஹைட் பார்க்கிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு அதே பிரைட்டனுக்குப் போகின்றன. மழை, குளிர், மேட்டில் மூச்சு வாங்குதல், வழியில் நின்று இறங்கித் தள்ளுதல் எல்லாம் உண்டு. போய்ச் சேராதவையும் உண்டு. நூற்றிருபது வயது வண்டியைப் பொதுச் சாலையில் ஐம்பது அறுபது மைல் ஓட்டுவது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். ஆனால் அந்த ஒரு நாளுக்காகத்தான் மீதி 364 நாளும் யாரோ அதன் ஸ்டீயரிங்கைச் சரி பார்க்கிறார், யாரோ அதன் செயினுக்கு எண்ணெய் விடுகிறார். உலகப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபிவா வெளியிட்ட தூரின் சாசனமும், வண்டியைச் சாலையில் ஓட்டுவதைப் பாதுகாப்பின் பகுதியாகத்தான் பார்க்கிறது. அசல் பாகத்தைக் கூடியவரை விடாதே, மாற்றியதை மறைக்காதே, ஓட்டத்தை நிறுத்தாதே. கட்டடங்களைக் காக்க எழுதிய 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் வழியில் வந்தது இது.

அருங்காட்சியகங்கள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் சுற்றினால், காரின் வடிவம் எப்படி மாறிவந்தது என்பது கண்ணுக்கு விளங்கிவிடும். எந்தப் புத்தகமும் அப்படி விளக்காது. வண்டியின் உடலைப் பார்க்க அது சரியான இடம். ஆனால் எஸ்.யூ. பெட்ரோல் பம்ப் சாவி போட்டதும் டிக் டிக் என்று அடித்துக்கொள்வதும், சோக் இழுத்ததும் இன்ஜின் குரல் மாறுவதும், கியர் மாற்றக் கிளட்சை இரண்டு தடவை மிதிப்பதும் அங்கே கிடைக்காது. வண்டி என்பதில் பாதி இரும்பு. மீதிப் பாதி நடத்தை. நடத்தையைக் கண்ணாடிக்குள் வைக்க முடியாது.

நான் சொல்ல வருவதற்குப் பெரிய சாட்சி சென்னையில் இல்லை, யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. எண்ணூரில் பூட்டிய அதே ஆஸ்டின் ஏ-40 அங்கேயும் இறங்கியது. சென்னையில் அது இப்போது கிளப்காரர்கள் தேடி அலையும் அபூர்வம். யாழ்ப்பாணத்தில் அது பல்லாண்டு காலம் வாடகைக் கார். அங்குள்ளவர்கள் ‘ஒஸ்ரின்’ என்பார்கள். காரணம் ரசனை இல்லை. 1960களில் அந்நியச் செலாவணி இல்லாமல் இலங்கை கார் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. 1977இல்தான் கதவு திறந்தது. அதுவரை இருக்கிற வண்டியை வைத்துத்தான் எல்லாரும் சமாளித்தார்கள். வடக்கில் அதற்குப் பிறகு போர். 1990இல் சண்டை மீண்டும் மூண்டபோது பெட்ரோல், பேட்டரி, உதிரிப் பாகங்கள் என்று எதுவும் வடக்கே போகாமல் தடுத்தார்கள். மின்சாரமும் இல்லை.

அப்போதுதான் அந்தப் பழைய இன்ஜின்களின் குணம் கைகொடுத்தது. அமுக்க விகிதம் குறைவான இன்ஜின்கள் என்பதால் மட்டமான எரிபொருளையும் அவை சகித்துக்கொண்டன. கொஞ்சம் பெட்ரோல் விட்டு இன்ஜினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். கண்ணெரியும் வெள்ளைப் புகையோடு வண்டிகள் ஊரை வலம் வந்தன. மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கி இன்ஜின் ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும், தேய்மானம் கூடும், அடிக்கடி கழற்றிப் பூட்ட வேண்டும். கழற்றிப் பூட்டினார்கள். கிடைக்காத பாகத்தை அடித்து, உருக்கி, கடைந்து செய்தார்கள். நோயாளியும் கர்ப்பிணியும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. கார் ஓடியே ஆக வேண்டியிருந்தது. 2002 ஏப்ரலில் வடக்கே போகும் ஏ-9 பாதை திறந்து வெளியூர்க்காரர்கள் வந்தபோது, மற்ற ஊர்களில் அருங்காட்சியகத்தில் பார்க்கும் வண்டிகள் பஸ் நிலையத்தருகே சவாரிக்கு நிற்பதைப் பார்த்து வியந்தார்கள்.

இதை அழகான கதையாக்கிவிடக் கூடாது. அந்த வண்டிகள் நிலைத்ததற்குப் பின்னால் நெருக்கடி இருக்கிறது, இழப்பு இருக்கிறது. ஓட்டியவர்களில் எவரும் புதிய கார் வேண்டாம் என்று சொல்லி ஒஸ்ரினை வைத்திருக்கவில்லை. ஆனாலும் ஓர் உண்மையை அது காட்டிவிட்டது. மிக மோசமான எரிபொருளில், மிக மோசமான ரோட்டில், ஓய்வே இல்லாமல் ஓடிய வண்டிகள் உயிரோடு இருந்தன. வசதியான ஊர்களில் நல்ல கொட்டகையில் நிறுத்திய அதே வயது வண்டிகள் பல மண்ணாகிப் போயின. வித்தியாசம் இரும்பில் இல்லை. அந்த வண்டி நாளைக் காலையில் வேண்டும் என்று யாரோ ஒருவர் இரவில் நினைத்ததில் இருக்கிறது.

நம் ஊர்க் கோயில் தேர்களுக்கும் இதே நியதிதான். ஏதோ தகராறால், பணமில்லாததால், வடம் பிடிக்க ஆளில்லாததால் தேரோட்டம் நின்ற ஊர்களில், தேர் கெட ஒரு தலைமுறைகூட ஆவதில்லை. அச்சு உளுக்கும், சிற்பம் களவு போகும், கறையான் மேலே ஏறும். ஓடுகிற ஊரில் ஆண்டுக்கு ஒரு தரம் தச்சர் வருவார், கொல்லர் வருவார், முட்டுக்கட்டை போடுகிறவர் கட்டையைச் சரிபார்ப்பார், நாலு வீதியும் செப்பனிடப்படும். திருவாரூர் ஆழித்தேர் பல்லாண்டுகள் நின்று கிடந்து, 1970இல் மறுபடி ஓடியது. இப்போது அதற்கு இரும்பு அச்சு, இரும்புச் சக்கரம், திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக். பழைய மரச் சக்கரம் போனதே என்று யாராவது அழுதார்களா? தேர் அதே தேர்தான். அதை அதே தேர் ஆக்குவது மரம் மட்டும் அல்ல, வடம் பிடிக்கும் ஆயிரம் கைகளும்தான். ஒரு லாரி பேரிங்கைக் கடைந்து போட்ட ஹெரால்டை, அசல் இல்லை என்று ஒதுக்குகிற ரசிகர்களுக்கு இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

கிளப்களின் மேல் உள்ள குறைகளும் எனக்குத் தெரியும். பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்பது பெரும்பாலும் உண்மைதான். சிலர் பரிசுக்காகவே வண்டி வைத்திருக்கிறார்கள். டிரெய்லரில் ஏற்றி வந்து, இறக்கித் துடைத்து, கோப்பையை வாங்கி, மறுபடி ஏற்றிக்கொண்டு போகிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அன்றுகூட அந்த வண்டி அவ்வளவு மினுங்கியிருக்காது. பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, ஐம்பது ஆண்டு வாழ்ந்த தடயம் ஒன்றுகூட இல்லாமல் அழித்துவிடுகிறார்கள். கை பட்டுப் பட்டு வழுவழுப்பான ஸ்டீயரிங், கதவோரத்தில் முழங்கை வைத்த இடத்தில் உதிர்ந்த பெயின்ட், சீட்டில் தைத்த ஒட்டு: இவைதான் அந்த வண்டியின் சரித்திரம். சரித்திரத்தை உரித்தெடுத்துவிட்டு வயதை மட்டும் வைத்துக்கொள்வது விசித்திரமான ஆசை. அந்த வண்டியும் நிறுத்தி வைத்த வண்டிதான். கொட்டகை மட்டும் கொஞ்சம் வெளிச்சமானது.

இதற்கெல்லாம் கீழே இருப்பது பயம் என்று நினைக்கிறேன். கெட்டுவிடுமோ என்ற பயம். ஒரு பொருள் எவ்வளவு அருமையானதோ அவ்வளவு அந்தப் பயம் பெரிது. பயம் பெரிதாக ஆக, தொடுவது குறையும். தொடுவது குறையக் குறைய, கெடுவது உறுதியாகும். பாட்டு தெரிந்தவர் குரல் போய்விடும் என்று பாடாமல் இருந்தால் குரல்தான் போகும். சண்டை வந்துவிடும் என்று பேசாமல் ஒதுங்கிய அண்ணன் தம்பிக்குள் சண்டைகூட மிஞ்சாது. தூய்மை கெடும் என்று அலுவலகத்துக்கும் பட்டறைக்கும் அனுப்பாத மொழி, மேடையில் மட்டும் பளபளக்கும். எதையும் தேயாமல் காப்பது முடியாத காரியம். தேயட்டும் என்று ஒத்துக்கொண்ட இடத்தில்தான் பராமரிப்பு ஆரம்பமாகிறது. எண்ணெய் விடுவதும், பாகம் மாற்றுவதும், சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பதும் அதற்கு அப்புறம் வருபவை.

இப்போது அந்தச் சாவி விஷயத்துக்கு வருகிறேன். கிளப்களில் உறுப்பினர்களின் தலை நரைத்துக்கொண்டே போகிறது. மெக்கானிக்குகளுக்கு அதைவிட வயது. அவர்களுடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், போனதில் தவறும் இல்லை. ஒரு வண்டியைப் பிள்ளைக்கு எழுதி வைத்துவிடலாம். கிளட்சை இரண்டு தரம் மிதித்து, நடுவில் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டு, கியர் சத்தமில்லாமல் விழும் அந்தக் கணத்தைக் காலுக்குச் சொல்லிக்கொடுப்பதை எந்தப் பத்திரத்தில் எழுதுவது? அது கைக்குக் கை, காலுக்குக் கால் மாறினால்தான் உண்டு. மாறும்போது முதல் சில நாட்கள் கியர் கரகரவென்று பல்லைக் கடிக்கும். பக்கத்து சீட்டில் இருப்பவருக்குத் தன் பல்லையே யாரோ கழற்றுவது போல இருக்கும். அப்போது சாவியைப் பிடுங்கிக்கொள்கிறவர் கியர் பாக்ஸைக் காப்பாற்றுகிறார், வண்டியை இழக்கிறார்.

தன் கையால் தேய்வதைச் சம்மதிப்பது சுலபம். அதில் சுகமும் உண்டு. இன்னொருவரின் பழகாத கையால் தேய்வதைச் சம்மதிப்பதுதான் கடினம். ஆனால் ஒரு பொருள் நம் ஆயுளைத் தாண்டி நிற்க வேண்டுமென்றால் அந்தச் சம்மதத்தைத் தவிர வேறு வழியில்லை. நமக்கு முன்னால் யாரோ நம்மிடமும் அப்படித்தான் கொடுத்தார்கள். நாமும் அவர்களுடைய கியரைக் கடித்துத்தான் பழகினோம். நாம் காத்தோம் என்று சொல்லிக்கொள்ள உரிமை வருவது, நம்மைவிட மோசமாக ஓட்டத் தொடங்கும் ஒருவரிடம் அதைக் கொடுத்துவிட்ட பிறகுதான்.